நாற்பது துகள்கள்

எதுவும் மாறாததைப்
படமாக்கிக் கொடு என்கிறாள் ஜெயந்தினி.

லாபிஸ் கடைவீதி,
முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடி.
ஒலிவாங்கிக்காக மின்விசிறியை நிறுத்தியிருக்கிறோம்.
"முன்னோக்கு வினையும் பின்னோக்கு வினையும்
ஒரே வேகத்தில் நடக்கும்போது..."
என்று அவள் வாசிக்கத் தொடங்க,
சிகாமட் பக்கமிருந்து சரக்கு ரயில்.
மறுபடி.
வியர்வை சொட்டிய தாளில்
'வேகத்தில்' மட்டும் கரைந்துபோயிருக்கிறது.

முதலில் இரண்டு அம்புகள்தான் போட்டேன்.
வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று,
அளவெடுத்த மாதிரி சம நீளம்.
ஆறாம் படிவத்துப் பிள்ளைகள் பதினொரு பேர் பார்த்தார்கள்.
"நின்னுபோச்சு சார்" என்றார்கள் பத்துப் பேர்.
ஒருவன் தூங்கிவிட்டான்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.
குடுவையின் நிறம் மாறவில்லை,
சூடு மாறவில்லை,
உள்ளே அத்தனை ரகளை நடந்தும்
வெளியே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அம்புகளை அழித்தேன்.
இரண்டாயிரம் துகள்களை அவிழ்த்துவிட்டேன்.
நீலம் மஞ்சளாகும்,
மஞ்சள் நீலமாகும்.
மூலக்கூறுக்கு ஏது மஞ்சள், முகம் சுளித்தாள் ஜெயந்தினி.
பொய்தான்.
எந்தப் பொய்யைச் சொல்லலாம் என்று பார்ப்பதுதானே
எனக்குச் சம்பளம்.

ஒரே ஒரு துகளுக்குக் கறுப்பு விளிம்பு கொடுத்தேன்.
லீனா அதற்குக் குண்டன் என்று பேர் வைத்தாள்.
குண்டன் மஞ்சளானான். திரும்பினான்.
முட்டினான். மறுபடி மஞ்சள்.
பதினொரு தலைகளும் அவன் பின்னாலேயே போயின.
மேலே இரண்டு பட்டைகள், ஒரே உயரம்,
அசைந்த மாதிரியே தெரியவில்லை.

"மில் கேட்டு மாதிரி சார்" என்றான் ரூபநாதன்.
தூங்கினவன்தான்.
அப்பா செம்பனை ஆலையில் கொதிகலன் பார்க்கிறார்.
ராத்திரி ஏழு மணிக்கு
அறுபது பேர் உள்ளே, அறுபது பேர் வெளியே.
கார்டு பலகையை மட்டும் பார்த்தால்
யாருமே வீட்டுக்குப் போகாத மாதிரி இருக்குமாம்.

நாங்கள் எழுதி வைத்திருந்த
எஸ்கலேட்டர் உதாரணத்தை அன்றே வெட்டினோம்.
இந்த ஊரில் எஸ்கலேட்டரும் இல்லை.

அப்புறம்தான் சிக்கல்.
தோட்டத்து வீடுகளில் திறந்தபோது
குண்டன் பாதி வழியில் உறைந்து நின்றான்.
லீனாவின் போன் சூடாகி அணைந்தது;
அது அவள் அம்மாவின் போன்,
அதற்குமுன் அண்ணனுடையது.
குறைத்தேன். ஐந்நூறு. நூறு.
நாற்பதில் ஓடியது.

ஓடியது, ஆனால் பட்டைகள் ஆடின.
இருபது, இருபது.
இருபத்துமூன்று, பதினேழு.
பதினாறு, இருபத்துநாலு.
கை நடுங்க எவரோ பிடித்த தராசு போல.

"இருபதில் பூட்டிவிடு" என்றாள் ஜெயந்தினி,
"பரீட்சைக்கு 'மாறாது' என்று எழுதணும்."
ஒரு வரி நிரல் போதும்.
தட்டியும்விட்டேன்.
குண்டன் மாறியதும்
எங்கோ ஒரு மூலையில்
முறை வராத இன்னொரு துகள்
வலுக்கட்டாயமாக நிறம் மாறியது,
கணக்குச் சரியாக.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

போன வாரம் ரூபநாதன் வகுப்புக்கு வரவில்லை.
ஆலையில் இரண்டு பேர் வராததால்
அப்பாவுக்கு இரட்டை ஷிப்ட்,
தம்பியை இவன் பார்த்துக்கொண்டானாம்.
பலகையில் அறுபது கார்டு இருந்திருக்கும்.

அந்த வரியை அழித்தது நானா அவளா,
ஞாபகமில்லை.
தாளின் ஓரத்தில் கிறுக்கினாள்:
"துகள் குறைவாக இருந்தால் ஆட்டம் தெரியும்.
கூடினால் தெரியாது, அவ்வளவுதான்.
ஆடாமல் இருப்பதில்லை."
பாடத்திட்டத்தில் இல்லாத மூன்று வாக்கியம்.

ஒன்பதே முக்கால் ரயில் போகட்டும் என்று
காத்திருந்தோம்.
முதல் தடவையிலேயே
சுத்தமாகப் பதிவானது.

மின்விசிறியைப் போட்டோம்.